பொம்மை வாயில் பழகிய கைகள்!

பல் மருத்துவம் படித்தால் மட்டும் வராது. கை பழக வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறின. பல்லைக் குடையும் பயிற்சியை அப்படி மாற்ற முடியுமா?

நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கும் மேல் சுழலும் ஏரோட்டர், தண்ணீரோடு எச்சிலையும் காற்றில் தெளிக்கும். வாயைத் திறந்திருக்கும் நோயாளி மாஸ்க் போடவும் முடியாது.

வழக்கமாக இரண்டாமாண்டில் பழகும் பொம்மைத் தலைக்கே பல கல்லூரிகளில் மூத்த மாணவர்களும் திரும்பினார்கள். நோயாளிகள் வந்தபோது மாணவருக்கு என்95 மாஸ்க், ஃபேஸ் ஷீல்டு. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட். தெறிக்கும் நீரை உடனே உறிஞ்ச ஒரு குழாய்.

சிகிச்சைக்கு முன் “வாய் கொப்பளியுங்கள்” என்று பயிற்சி மாணவர் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அது அவருக்காகவும், அடுத்து அந்த நாற்காலியில் அமரப்போகிறவருக்காகவும் எடுக்கும் முன்னெச்சரிக்கை!