மூக்கில் அடிக்கும் எலும்பு மருந்து: எத்தனை வாரத்துக்கு?

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, அல்லது பேருந்து பள்ளத்தில் விழுந்து எழும்போது, முதுகில் சுரீரென்று ஒரு வலி. அறுபது வயதைத் தாண்டிய பெண்களில் பலர் இதை வாயுப்பிடிப்பு என்று சொல்லி, தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். இரண்டு நாளாகியும் புரண்டு படுக்க முடியவில்லை, இருமினால் உயிர் போகிறது என்றால், தேய்ந்துபோன முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருக்கலாம். அப்போது அழுத்தி நீவிவிடுவது கூடவே கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்படி நசுங்கிய எலும்பின் வலிக்குச் சில மருத்துவர்கள் கால்சிடோனின் எழுதுகிறார்கள். ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் அது வரும். இது ஒரு ஹார்மோன் என்றதும் மாதவிலக்கு நின்ற பெண்கள் பயப்படுகிறார்கள். இது ஈஸ்ட்ரோஜன் அல்ல. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஒருவகைச் செல்கள் சுரப்பது. எலும்பைக் கரைக்கும் செல்களின் வேகத்தைக் குறைத்து, ரத்தத்தில் கால்சியத்தை இறக்குவது. கனடாவின் ஹரால்ட் காப் 1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார். மருந்தாகத் தருவது பெரும்பாலும் சால்மன் மீனின் கால்சிடோனின் வகை. மனிதருடையதைவிட அது பல மடங்கு வீரியமானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தைராய்டை முழுதாக எடுத்தவர்களுக்குக் கால்சிடோனின் இல்லாததால் மட்டும் எலும்பு உருகிவிடுவதில்லை. எலும்புக்கு இது ஒன்றே கதி என்று உடம்பே நினைக்கவில்லை!

இதன் நிஜமான பலம் வலி நிவாரணம்தான். எலும்பு நசுங்கிய முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால், உட்காரவும் எழுந்து நடக்கவும் முடிகிற அளவுக்கு வலி தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டிலிருந்து நான்கு வாரம் போதும். மாதக்கணக்கில் ஊறிப்போன பழைய முதுகுவலிக்கு இதனால் பெரிய பலன் தெரியவில்லை.

எலும்பை வலுவாக்குமா? 2000இல் வெளியான, 1,255 பெண்களை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வில், தினம் 200 யூனிட் ஸ்ப்ரே எடுத்தவர்களுக்குப் புதிய முதுகெலும்பு முறிவு 33 சதவீதம் குறைந்தது. ஆனால் 400 யூனிட் எடுத்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை; ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவிலேயே விலகிவிட்டார்கள். இடுப்பு எலும்பு முறிவைத் தடுக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

அதன்பிறகுதான் புற்றுநோய்க் கேள்வி எழுந்தது. நீண்டகாலம் எடுத்தவர்களிடம் புற்றுநோய் சற்றே அதிகம் தெரிந்ததால், 2012இல் ஐரோப்பிய மருந்து முகமை எலும்புத் தேய்மானத்துக்கு இதைத் தரக் கூடாது என்றது. அங்கே ஸ்ப்ரே சந்தையை விட்டே போனது. அமெரிக்கா தடை செய்யவில்லை. 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து எடுத்தவர்களில் 4.1 சதவீதம், எடுக்காதவர்களில் 2.9 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் என்று அங்கே மருந்தின் விவரக்குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மருந்துதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. இரண்டு வாரம் அடித்தவர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஒரே சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள்தான் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே சீட்டை வாங்கும்போதே, "டாக்டர், இது வலிக்கா, எலும்புக்கா? எந்தத் தேதியில் நிறுத்தணும்?" என்று கேளுங்கள். எலும்புக்கு என்றால் வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் போன்ற, இதைவிட நல்ல சான்றுள்ள மருந்துகள் உண்டு. அவை உங்களுக்கு ஏன் ஒத்துவராது என்று கேட்பதில் தப்பே இல்லை. சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்றுவழி மூன்றையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கால்சிடோனினைத் தொடங்கும் முன் ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டியும் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீன் அலர்ஜி இருந்தால் மறைக்காதீர்கள். ஸ்ப்ரேயை ஒரு நாள் ஒரு மூக்குத் துளையில், மறுநாள் மற்றதில் அடிக்க வேண்டும். மூக்கில் புண்ணோ ரத்தமோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசிக்குப் பின் குமட்டலும் முகம் சிவப்பதும் சகஜம். மூச்சுத்திணறலோ நாக்கு வீக்கமோ சகஜமல்ல, அவசரம். பிரிக்காத ஸ்ப்ரே பாட்டில் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டியது. கடையில் வெளியே அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள்.

பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் தரலாம். இது மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண். கவனக்குறைவால் பாதிப்பு என்று கருதினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொதுவாக இரண்டு ஆண்டுக்குள். ஆஸ்பத்திரியில் சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. மருந்துக் கடை பில்லையும் காலிப் பாட்டிலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொகுதி எண் அவற்றில்தான் இருக்கிறது.