பூமி எத்தனை பேரைத் தாங்கும்? பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு பாடம்

1927-ம் ஆண்டில் உலக மக்கள்தொகை சுமார் 200 கோடி. 2022 நவம்பரில் 800 கோடி. இந்தக் கணக்கை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘பூமி எத்தனை பேரைத் தாங்கும்?’ என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். அதை விளக்க விவசாயி வீட்டிலேயே வழி இருக்கிறது.

ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே மண்ணையும் எருவையும் நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றில் 3 பாசிப்பயறு விதை, மற்றதில் 30. இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். காய்க்கும்வரை விட்டு, செடிக்கு எத்தனை காய் என்று எண்ணட்டும். நெருக்கமாக நிற்கும் செடிகள் மெலிந்து, காய் குறைந்திருக்கும். மண், நீர், வெளிச்சம் எல்லாம் ஓர் அளவுக்குத்தான் ஈடுகொடுக்கும். அந்த அளவுதான் ‘தாங்குதிறன்’.

அளவு மீறினால் என்ன ஆகும்? அலாஸ்காவை அடுத்த செயின்ட் மேத்யூ தீவில் 1944-ல் 29 துருவ மான்களை விட்டார்கள். அடித்துத் தின்னும் விலங்கு அங்கே இல்லை, மேய்ச்சலும் ஏராளம். 1963-ல் சுமார் 6,000 ஆகப் பெருகின. குளிர்காலத் தீனி மேய்ந்து தீர்ந்தது. அடுத்து வந்த கடும் பனியில் கூட்டமே மடிந்து, 1966-ல் மிஞ்சியவை 42.

‘நமக்கும் அந்தக் கதிதானா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். பயமுறுத்த வேண்டாம். மனிதரால் முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்க முடியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு இந்தியாவில் 2.0, தமிழகத்தில் 1.8. பெண் கல்வியும், சிசு மரணம் குறைந்ததும், குடும்பநல வசதியும் இதற்கு முக்கியக் காரணங்கள். பெண் பிள்ளையைப் படிக்க வைப்பதும் இந்தப் பாடத்தில் அடக்கம் என்று சொல்லுங்கள்.

பிறப்பு குறைந்தாலும் நிலமும் நீரும் தானாகக் கூடிவிடாது. 1970-71-ல் இந்திய விவசாயியின் சராசரி நிலம் 2.28 ஹெக்டேர், 2015-16-ல் 1.08 ஹெக்டேர். தாத்தா காலத்துப் பட்டாவையும் இன்றைய பட்டாவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும்.

தாங்குதிறன் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. தொழுவுரமும் பண்ணைக்குட்டையும் சொட்டுநீரும் அதை உயர்த்தும். ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீரை இறைத்தால் அது தாழும். மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, பிள்ளைகளையே நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கிணற்றடியில் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஓராண்டுக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த பட்டத்துக்கு என்ன பயிர் வைக்கலாம் என்ற பேச்சில் பிள்ளையும் கலந்துகொள்ளலாம்.