பழைய மடிக்கணினியும் பிணியறி முறையும்

ஓர் இயந்திரம் பழுதுற்றவிடத்து அதனை உடனே கழித்தொதுக்குவாரும் உளர். பழுது யாதென்று அறியாமலே ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்ப்பாரும் உளர். முன்னவர் செயலாற் பொருள் வீணாகின்றது. பின்னவர் செயலாற் பொருளோடு காலமும் வீணாகின்றது. மடிக்கணினியைப் பொறுத்தவரை இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அதனுட் சேமித்து வைத்த எழுத்தும் கணக்கும் மீளாது போதலே அது. 2022ஆம் ஆண்டில் இலங்கை ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தபின், புதிய கணினி வாங்குதல் பல இல்லங்களுக்கு அரிதாயிற்று. ஆதலின் பல்லாண்டு உழைத்த கணினியின் பிணியறியும் முறை ஆசிரியரும் மாணாக்கரும் தெரிந்திருக்கற்பாலது.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தை நாடுக என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் நெறி. கணினிக்கும் அந்நெறி பொருந்தும். ஆயினும் அதற்கு முற்பட்ட கடமை ஒன்றுண்டு. எச்சோதனையையுந் தொடங்குமுன் கோப்புகளைப் பிறிதொரு சேமிப்பகத்திற் படியெடுத்தல் வேண்டும். தேய்ந்துவரும் வன்தட்டின்மீது பிழைதிருத்தும் நிரலை ஏவினால், தட்டு முழுவதையும் வாசிக்கும் அவ்வுழைப்பே அதன் இறுதிக்குக் காரணமாதல் கூடும். அடுத்து, ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, அதன் விளைவைக் குறித்து வைத்தல் வேண்டும். மூன்று மாற்றங்களை ஒருங்கு செய்தவர், கணினி நலமுற்றாலும் எதனால் நலமுற்றது என்று அறியார்.

இனித் திரைக் குறைபாடுகளை நோக்குவாம். திரையிற் காணும் படம் வரைவியற் சில்லில் உருவாகின்றது. மூடியின் கீல் வழியே செல்லும் மெல்லிய வடத்தினூடாகப் பாய்கின்றது. திரைப் பலகத்தை அடைந்து, பின்னுள்ள விளக்கொளியாற் கண்ணுக்குப் புலனாகின்றது. இவற்றுள் எவ்விடத்துப் பழுது நேரினும் பயனாளர் காண்பது கெட்ட திரை ஒன்றையே. இடத்தைப் பிரித்தறிதற்கு எளிய வழி, கணினியை வேறொரு கணினித் திரையோடோ தொலைக்காட்சியோடோ இணைத்தலாகும். வெளித்திரையிற் படம் செவ்வையாகவும் உள்திரையிற் கெட்டும் தோன்றின், பழுது பெரும்பாலும் வடத்திலோ பலகத்திலோ உள்ளது. மூடியை மெல்ல அசைக்குந்தோறும் கோடுகள் தோன்றியும் மறைந்தும் வருமாயின், கீலில் மடிந்து மடிந்து நைந்த வடத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். திரை முற்றாக இருண்டிருப்பின், கைமின்விளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்கலாம். மங்கலாகவேனும் படம் தெரியின், படம் உருவாகின்றது. பின்விளக்கோ அதற்கு மின்னூட்டும் பகுதியோதான் செயலற்றது.

இருதிரையிலும் ஒரே குறை காணப்படின், வரைவியற் சில்லு அல்லது அதனை இயக்கும் செலுத்தி மென்பொருள் காரணமாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் தோன்றுமுன்பே கோடுகள் காணப்படின், செலுத்தி மென்பொருள் குற்றமுடையதன்று. அது அப்பொழுது வேலை தொடங்கியிராது. விண்டோஸ் தோன்றிய பின்னரே திரை துடிக்குமாயின், கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறத்தல் வேண்டும். அதுவும் சேர்ந்து துடிப்பின் செலுத்தி மென்பொருளையும், அது மட்டும் அசையாது நிற்பின் பயன்பாட்டு நிரல் ஒன்றையும் ஐயுறுதல் தகும்.

அடுத்து, வேலை நடுவே கணினி நின்றுபோதலை ஆராய்வாம். நின்ற விதமே முதற்சான்று. கடும்வேலையின்போது எவ்வித அறிவிப்புமின்றி அணைந்துபோயின், வெப்பமோ மின்னூட்டமோ காரணமாதல் பெரும்பான்மை. விசிறியிலும் வெப்பந்தணிக்கும் தகடுகளிலும் தூசி அடைய, செயலிமீது பூசிய வெப்பங்கடத்தும் பசையும் காய்ந்துவிட, செயலியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை அணுகும். அப்பொழுது செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிடின், தன்னைக் காத்தற்பொருட்டுக் கணினியை அணைத்துவிடும். தூசி நீக்குதலும் பசை மாற்றுதலும் இதற்குரிய மருந்து. மின்கலம் உப்பிக் காணப்படின் மின்னேற்றுதலை உடனே நிறுத்தி, பழுதுபார்ப்போரிடம் ஒப்புவித்தல் வேண்டும். அது தீப்பற்ற வல்லது.

நீலத்திரை தோன்றி நிற்குமாயின், அதிற் காணும் பிழைப்பெயரைக் குறித்துக்கொள்க. மெமரி மனேஜ்மென்ட் என்னும் பெயர் காணின், றாம் எனப்படும் நினைவகத்தைக் கழற்றி மீளப் பொருத்தி, விண்டோசுடன் வரும் நினைவகச் சோதனையை ஏவலாம். வீடியோ ரி.டி.ஆர். பெயிலியர் என்பது வரைவியற் சில்லு உரிய நேரத்தில் மறுமொழி தராமையைக் குறிக்கும். அச்சில்லு இரண்டு விநாடி மறுமொழி தராவிடின், விண்டோஸ் அதனை மீளத் தொடக்க முயல்கின்றது. அம்முயற்சி தோற்றவிடத்தே நீலத்திரை தோன்றும்.

பழுது வன்பொருளதா மென்பொருளதா என்னும் ஐயம் பின்னும் நீங்காதாயின், லினக்ஸ் பணிசெயல் முறைமையைப் பென் டிரைவ் ஒன்றிலிருந்து இயக்கிப் பார்த்தல் சிறந்த சோதனையாகும். வேறொரு முறைமையிலும் அதே பிணி தோன்றின், விண்டோசை மீள நிறுவுதலாற் பயன் பெரிதும் இராது.

வெப்பத்துக்கும் திரைக்குமுள்ள தொடர்புக்கு 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி தக்க சான்று. அவ்வாண்டு யூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளிற் பொருத்திய தன் வரைவியற் சில்லுகள் சில வழமைக்கு மேலாகப் பழுதுறுவதை அறிவித்து, அதற்கென 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. சில்லுப் பொதியின் நலிந்த பொருள் காரணமாகக் கூறப்பட்டது. மாறிமாறிச் சூடேறியும் ஆறியும் வந்தமையால் இணைப்புகள் வெடிப்புற்றன. அத்தகைய பலகையைச் சூடாக்கி மீட்க முயன்றோர் பெற்ற பயன் பெரும்பாலும் சின்னாளே நிலைத்தது.

இடம் தெரிந்தபின் முடிவு எளிதாகும். தூசி, பசை, வடம், நினைவகம் என்பன சிறுசெலவிற் சீர்செய்யத்தக்கன. தாய்ப்பலகையோடு ஒட்டிய வரைவியற் சில்லு பழுதுறின், செலவு கணினியின் பெறுமதியை விஞ்சலாம். அப்பொழுதும் வன்தட்டு தனியே கழற்றத்தக்கதாயின், அதனை வேறு கணினியோடு இணைத்துக் கோப்புகளைப் பெறலாம். உள்திரை மட்டும் கெட்ட கணினி வெளித்திரையோடு மேசையிலிருந்து பணிபுரியும். விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. பதினொன்றை ஏலாத பழைய கணினிகளுள் வன்பொருள் நலமுடையன லினக்சுடன் இன்னும் உழைக்கும். பிணி திரையிலா, சில்லிலா, நிரலிலா என்று ஆராயாமற் கழித்த கணினிகளுள், ஒரு வடம் மாற்றினாற் பிழைத்திருக்கக்கூடியனவும் இருந்திருக்கும்.