வானத்திலும் ஒரு ஜி.எஸ்.டி. ரோடா?

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குச் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும் தோழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரே சாலையில் லாரியும் சைக்கிளும் போனால் ஒதுங்க வேண்டியவன் யார், ஒதுங்க இடமில்லாவிட்டால் சாகிறவன் யார் என்பது அவர்களுக்கே தெரியும். அந்தச் சாலைக்கு மேலே, ஆகாயத்திலும் இதே கதை உண்டு.

“விமானம் பணக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏறுகிறவன் பணக்காரனாக இருக்கலாம். விழுகிற இடம் பம்மலாக, பொழிச்சலூராக, பழவந்தாங்கலாக, சேலையூராக இருந்தால்? டிக்கெட் வாங்காதவன் தலையிலும் விழுமல்லவா!

வீண் பீதி கிளப்புகிறோம் என்று எண்ண வேண்டாம். 1978 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இறங்க வந்த போயிங் 727 விமானம், அங்கே பயிற்சியில் இருந்த சிறிய செஸ்னா விமானத்தோடு மோதியது. மாண்டவர் 144 பேர். அவர்களில் 7 பேர் தரையில் இருந்தவர்கள். 1986-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோசில் மீண்டும் ஒரு சிறு விமானமும் பயணிகள் விமானமும் மோதின. மாண்ட 82 பேரில் 15 பேர் தரையில் இருந்தவர்கள்.

நம் மீனம்பாக்கத்துக்கு வருவோம். 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகத் தபால் மூட்டையோடு சென்னைக்கு வந்தது ஒற்றை எஞ்சின் கொண்ட சின்னஞ்சிறு விமானம். அந்நாளில் வானம் சிறியவர்களுடையது. மெட்ராஸ் பிளையிங் கிளப் அந்தக் காலத்தில் எழுந்ததே. எத்தனையோ இளைஞர்கள் மீனம்பாக்கத்தில்தான் பறக்கக் கற்றார்கள். பிறகு பெரியவை வந்தன, பெருகின. ஓடுபாதைகளோ இரண்டே. அவையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுபவை. இரண்டு பாதை என்பதால் இரட்டிப்பு வேலை செய்துவிட முடியாது.

சிறியதும் பெரியதும் சேர்ந்து போவதில் என்ன சிக்கல்? ஆளும் சாமானும் ஏற்றிய பிறகும் செஸ்னா 172-ன் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். ஏர்பஸ் 320-ன் எடையோ எழுபது டன்னுக்கு மேல் போகும். இறங்க வரும்போது சிறியதன் வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர், பெரியதன் வேகம் 250. சிறியது முன்னால் போனால் பெரியது எட்டிப் பிடித்துவிடும். பெரியது முன்னால் போனால், அதன் இறக்கை நுனிகளில் கிளம்பும் சுழற்காற்று பின்னால் வரும் சிறியதைக் குப்புறத் தள்ளிவிடும். ஆகவேதான் கனரக வகை விமானத்துக்குப் பின்னே இறங்க வரும் சிறு விமானம் 11 கிலோமீட்டர் தள்ளி வரவேண்டும் என்று சர்வதேச விதி வகுத்திருக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றும் உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில் தாம்பரம் விமானப்படைத் தளம். விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954-லிருந்து அங்கே இருக்கிறது. இறங்க வரும் ஜெட் விமானத்துக்கு அந்தப் பத்துக் கிலோமீட்டர் இரண்டரை நிமிடப் பயணம்! 2025 நவம்பர் 14 அன்று விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்தது. விமானி வெளியே குதித்து உயிர் தப்பினார். வேறு விமானத்தோடு மோதி விழுந்ததல்ல அது. ஆனாலும் பயிற்சி விமானமும் விழும் என்பதைத் தென்சென்னை மக்கள் கண்ணாரக் கண்டார்கள்.

“விமானிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்கலாம். பார்த்தார்களே! 1978-ல் போயிங் விமானிகள், சிறு விமானத்தைப் பார்த்துவிட்டதாகத்தான் சொன்னார்கள். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானத்தோடு மோதிய ராணுவ ஹெலிகாப்டரில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அன்று போனவை 67 உயிர்கள். நாற்பத்தாறு ஆண்டு இடைவெளியில் அதே சொல், அதே சாவு! கண்ணை நம்பி வானத்தில் கூட்டம் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாடும் பாடம் படித்திருக்கிறது, பெரும் விலை கொடுத்து! 1996 நவம்பர் 12 அன்று டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். போகிறவர்க்கும் வருகிறவர்க்கும் அன்று ஒரே வழி. அதற்குப் பிறகுதான் மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று. 2009 பிப்ரவரி 9 அன்று பம்பாயில், பயணிகள் விமானம் ஓடத் தொடங்கிய அதே ஓடுபாதையில் ஜனாதிபதியின் பயணத்துக்கான ஹெலிகாப்டர்களில் ஒன்று இறங்கியது. விமானி பிரேக்கை அழுத்தியதால் பிழைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறானே, அவனும் தொழிலாளிதான். ஷிப்ட் முறை, தூக்கமில்லாக் கண், காதில் ஓயாத குரல். வாஷிங்டனில் அன்றிரவு ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் ஒரே ஆள் கவனித்துக்கொண்டிருந்தார். இங்கேயோ, கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அவர்கள் மீதுள்ள பளுவையும் 2025-ல் நாடாளுமன்றக் குழுவே சுட்டிக்காட்டியது. ஆளைக் குறைத்துவிட்டு, விபத்து நேர்ந்த பின் அந்த ஆளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது ஆலை முதலாளிக்குக் கைவந்த வித்தை. அரசாங்கமும் அதைப் பழகலாமா?

சிறு விமானத்துக்கு நாம் பகைவரல்ல. தொழிலாளி மகனும் விமானி ஆகவேண்டும். ஆகவே கற்கும் இடத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, தனியே கொடுக்கச் சொல்கிறோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதைகள் செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் உண்டு. பயிற்சிக்கு அத்தகைய இடங்களைச் செப்பனிடட்டும். மீனம்பாக்கத்துக்கு வரவேண்டிய சிறு விமானம் ஒவ்வொன்றிலும், தான் இருக்கும் உயரத்தை ராடாருக்குத் தானே சொல்லும் கருவி இருக்கட்டும். எச்சரிக்கைக் கருவியும் அந்தக் குரலைக் கேட்டால்தான் வேலை செய்யும். தாம்பரமும் மீனம்பாக்கமும் ஒன்றோடொன்று பேசும் தொலைபேசி ஒரு நிமிடமும் உறங்காதிருக்கட்டும். கோபுரத்தில் காலியிடங்களை நிரப்பட்டும்.

செலவாகும் என்பார்கள். ஆகும்தான். கீழே, ஓலைக்கும் ஓட்டுக்கும் அடியில் உறங்கும் குழந்தைகளின் உயிருக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லட்டும், பிறகு கணக்குப் பார்ப்போம்!