லோவட் பிரபுவின் வெட்டுக்கட்டை, 1747

இந்த மரக்கட்டையின் மேல்விளிம்பைக் கவனியுங்கள். இருபுறமும் குடைந்திருப்பது கழுத்து வாகாகப் பொருந்துவதற்காக. கோடரி பதிந்த தழும்பும் தெரியும்.

ஸ்காட்லாந்தின் ஃபிரேசர் குலத் தலைவர் சைமன் ஃபிரேசர், 11ஆம் லோவட் பிரபு. பிரிட்டிஷ் அரசு, அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சம் என இரு தரப்புக்கும் நல்லவராக நடித்தே காலம் தள்ளியவர். அரசுக்கு எதிரான 1745 கிளர்ச்சியில் ஸ்டூவர்ட் பக்கம் சாய்ந்து மாட்டிக்கொண்டார். 1747 ஏப்ரல் 9 அன்று லண்டன் டவர் குன்றில் தலை வெட்டப்பட்டது. வயது ஏறக்குறைய 80. பிரிட்டனில் இத்தண்டனையால் மாண்ட கடைசி மனிதர் இவரே. அன்று வேடிக்கை பார்க்கக் கட்டியிருந்த பரண் சரிந்து பார்வையாளர்கள் சிலரும் இறந்தனர்.

தலையோடு பட்டமும் நிலமும் பறிபோயின. மகன் பிரிட்டிஷ் மன்னருக்காகப் படை திரட்டிக் கியூபெக்கில் போரிட்டார். 1774இல் நிலம் திரும்பியது. பழைய பட்டம் மீள 1857 ஆயிற்று.