மிருக வைத்தியரின் மனச்சுமை

நமது சங்கத்தில் தறியில் அமர்வோரும் ஏர் பிடிப்போரும் பலர். அவர்களுள் வீட்டில் ஒரு பசுவேனும் கட்டாதவர் சிலரே. கன்று வயிற்றில் திரும்பிக் கிடந்து பசு துடிக்கும் இரவில் நாம் ஓடிச் சென்று எழுப்புவது மிருக வைத்தியரைத்தான். மாடு பிழைக்குமா என்று அவரைக் கேட்கிறோம். அவர் நலமாயிருக்கிறாரா என்று கேட்டதாக நமக்கு நினைவில்லை. இக்கேள்வியை நம்முள் எழுப்பியது, 2001 ஆம் ஆண்டில் இங்கிலாந்து கண்ட ஒரு பெருந்துயரம்.

அவ்வாண்டு பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து இறைச்சிக்கூடம் ஒன்றில், பன்றிகளிடம் கோமாரி நோய் கண்டது. நம் நாட்டில் கோமாரிக்குத் தடுப்பூசி போடுகிறோம். நோய் வந்த மாட்டின் வாய்ப்புண்ணைக் கழுவி, குளம்புக்கு மருந்திட்டுக் காக்க முயல்கிறோம். வளர்ந்த மாடுகளுள் பெரும்பாலானவை தேறியும் விடுகின்றன. ஆங்கில அரசு கொண்ட வழி வேறு. ஏற்றுமதி வாணிபத்துக்கு நோயற்ற நாடு என்ற பெயர் வேண்டியிருந்தது. ஆகவே நோய் கண்ட பண்ணையின் கால்நடைகளை 24 மணி நேரத்துக்குள்ளும், அடுத்துள்ள பண்ணைகளில் இருந்தவற்றை 48 மணி நேரத்துக்குள்ளும் கொன்றுவிடுவதென முடிவாயிற்று. செப்டம்பர் இறுதிக்குள் 2,000க்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் புகுந்தது. 60 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மாய்க்கப்பட்டன.

மிகுதியாக அடிபட்டது வடமேற்கிலுள்ள கம்பிரியா மாவட்டம். அங்குள்ள மலைகளில் மேயும் ஹெர்ட்விக் ஆடுகளுக்கு வேலி கிடையாது. தன் மந்தையின் மேய்ச்சல் எல்லையைக் குட்டி தாயிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. மந்தை அழிந்தால் அந்த அறிவும் அழிந்தது. நஷ்டஈட்டுப் பணத்தால் அதை வாங்க இயலாது. போதாக்குறைக்கு அது குட்டி ஈனும் பருவம். கிரேட் ஆர்ட்டன் என்ற பழைய விமான தளத்தில் மட்டும் 4,60,000க்கு மேற்பட்ட ஆடுகளைப் புதைத்தனர்.

சுடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் நோயைக் கண்டு சொல்வதும், உடையவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பைக் கூறுவதும், காரியம் முறைப்படி நடக்கிறதா என்று உடனிருந்து பார்ப்பதும் வைத்தியர் தலையில் விழுந்தன. நோயே காணாத மந்தைக்கும் அவர் இதைச் செய்ய வேண்டியிருந்தது. உயிர் காக்கப் படித்தவருக்கு இதனினும் கொடிய கட்டளை வேறென்ன உண்டு? நோய்ப் பண்ணையில் கால் வைத்தவர் சில நாட்களுக்குப் பிற பண்ணைகளுக்குச் செல்லலாகாது என்ற தடையும் இருந்தது.

லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார், கம்பிரியாவில் விவசாயிகளும் களப்பணியாளரும் உள்ளிட்ட 54 பேரை 18 மாதங்கள் வாரந்தோறும் நாட்குறிப்பு எழுதச் செய்து, 2005 இல் அம்முடிவுகளை வெளியிட்டனர். உற்றாரை இழந்தது போன்ற துயரும், மீண்டும் வருமோ என்ற அச்சமும், அதிகாரத்தின் மீது அவநம்பிக்கையும் அவற்றில் நிறைந்திருந்தன. நோய் ஒழிந்து நெடுநாள் சென்ற பின்னும் அவை ஓயவில்லை.

கோமாரி இல்லாத காலத்திலும் இத்தொழிலின் சுமை இலேசானதன்று. பிரிட்டனின் மிருக வைத்தியரிடையே தற்கொலை பொதுமக்களிடையே காண்பதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு என்று 2010 இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. இதற்குக் காரணம் ஒன்றன்று. நெடிய வேலை நேரம், தனிமை, பிழை நேருமோ என்ற கவலை, தீராத நோயுற்ற விலங்கை அடிக்கடி தம் கையாலேயே முடிக்க நேர்வது எனப் பலவும் சேர்கின்றன. கட்டணத்தைப் பற்றி உடையவர் பேசும் சுடுசொல்லும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தில் நாமும் குற்றமற்றவர் அல்லோம். நடுநிசியில் வந்த வைத்தியரிடம் பேரம் பேசியவர்கள் நம்முள்ளும் இருக்கிறார்கள்.

அந்நாட்டில் மிருக வைத்தியர்களைப் பதிவு செய்யும் ராயல் காலேஜ், 2014 இல் அவர்களது மனநலத்துக்கென ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. வெட்லைப் என்ற தர்ம ஸ்தாபனமோ இரவும் பகலும் தொலைபேசியில் செவி சாய்க்கிறது. அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கூறுவது வெளியே போகாது. எடுத்துப் பேசும் தொண்டர்கள் இத்துறையில் பழகியவர்கள். ஆதலால் கன்று பிழைக்காத இரவில் வீடு திரும்புவது எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.