ஓவியத்தை எந்தக் கடையில் வைப்பது?

நெகிரி செம்பிலானின் சுங்கை காடுட் கொமுட்டர் நிலையத்தில் இறங்கினால் இன்று கண்ணில் படுவது தாமான்களும் தொழிற்பேட்டையும்தான். தோட்டங்கள் சுருங்கிவிட்டன, தோட்டத்துப் பிள்ளைகளின் கைத்திறன் சுருங்கவில்லை. தீபாவளிக்கு முன் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் போடுகிறார்கள், திருவிழாவுக்குக் காவடி அலங்கரிக்கிறார்கள், கல்யாணப் பரிசாக மணமக்களின் முகத்தை வரைந்து தருகிறார்கள். பண்டிகை முடிந்தால் வேலையும் முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களிலும் விற்க இணையத்தில் எந்தத் தளம் நல்லது என்பது இவர்கள் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. ஆனால் எதை விற்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சென்னை ஓவியர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். மதராஸ் அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், ஓவியம் மட்டும் வரைந்து பிழைக்க முடியாத தம் மாணவர்களைக் கூட்டி ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். பாத்திக் சோறு போட்டது. ஓவியத்தை யாருக்காகவும் வளைக்க வேண்டியிருக்கவில்லை.

நம் பிள்ளைகளும் தாங்கள் விற்பவற்றை இப்படித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பேன். கோலப்பலகை, தோரணம், வாசல் பெயர்ப்பலகை, வாழ்த்தட்டை எல்லாம் ஒரு பக்கம். இவற்றை வாங்குவோர் மலேசியாவிலேயே இருக்கிறார்கள். ஷாப்பி போன்ற உள்ளூர்ச் சந்தை போதும். கட்டண விகிதம் அடிக்கடி மாறுவதால், விலை வைப்பதற்கு முன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் வரைந்து தருவது வேறு வகை. அதற்குச் சந்தைத் தளமே தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் படத்தைக் காட்டி, வாட்ஸ்அப்பில் பேசி, டூயிட்நவ் கியூஆரில் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். தெரிந்தவர் என்று முன்பணத்தை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுக்கு விற்க விரும்புவோர் முதலில் நினைப்பது எட்சியைத்தான். 2005இல் தொடங்கிய இந்த அமெரிக்கத் தளம், விற்பனைக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது ஆயிரக்கணக்கான கைவினைஞர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். கட்டணம் குறையவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படத்துக்கு 30 டாலர், அனுப்பும் செலவுக்கு 12 டாலர் என்று விலை வைக்கிறீர்கள். 6.5 விழுக்காடு மொத்தம் 42 டாலருக்கும் உண்டு: 2.73 டாலர். பட்டியலிட 20 சென்ட். வாங்கியவர் எட்சி வெளியில் போட்ட விளம்பரத்தைத் தட்டி வந்தவர் என்றால் இன்னும் 15 விழுக்காடு, அதாவது 6.30. அஞ்சலுக்கு 12ஐக் கொடுத்த பிறகு கையில் நிற்பது 20.77 டாலர். அதிலிருந்து பணம் பெறும் கட்டணமும், தாளும் வண்ணமும் வாங்கிய செலவும் போக வேண்டும். ஆண்டு விற்பனை 10,000 டாலரை எட்டாத கடைகள் அந்த விளம்பரத்தை நிறுத்திவைக்கலாம். கடை திறந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். இன்னொன்று: 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. வரியை யார் கட்டுவது என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு அனுப்புங்கள்.

பெரிய ஓவியங்களுக்குச் சாட்சி ஆர்ட் போன்ற தளங்கள் உண்டு. 40 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள். கேட்டதும் நெஞ்சு அடைக்கும், ஆனால் ஓவியக் கூடங்களிலும் இதே அளவு கழிவு பிடிப்பது வழக்கம்தான். ரெட்பபிள் போன்றவை உங்கள் படத்தைச் சட்டையிலும் குவளையிலும் அச்சிட்டு விற்று ஒரு பங்கைத் தருபவை. அஞ்சல் வேலை இல்லை, வருவதும் கொஞ்சம்தான். அங்கே நடிகர் படங்களை ஏற்றாதீர்கள், புகார் வந்தால் கடையே மூடப்படலாம். உங்கள் சொந்தப் படத்தை ஏற்றுமுன் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் பதிப்புரிமை அறிவிப்பைப் பதிந்துவைப்பது நல்லது.

விற்றதைப் பத்திரமாக அனுப்பவும் தெரிய வேண்டும். கித்தான் ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு அனுப்புவதைப் போன்ற தவறு வேறில்லை. நன்றாகக் காய்ந்த பின், வண்ணப் பக்கம் வெளியே வரும்படி, மெழுகுத்தன்மை இல்லாத வழவழப்புத் தாளோடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். உள்நோக்கிச் சுருட்டினால் விரிக்கும்போது வண்ணம் வெடிக்கும். பிறகு தடித்த குழாயில் இட்டு இரு முனையையும் அடைக்க வேண்டும். சுருட்டுமுன் பின்பக்கத்தில் தலைப்பு, ஆண்டு, உங்கள் பெயர் மூன்றையும் எழுதிவிடுங்கள். தளங்கள் வாங்குபவரின் விவரத்தை உங்களுக்கு எளிதில் தருவதில்லை. அவராவது உங்கள் பெயரைத் தேடி வரட்டும்.

எந்தத் தளத்தில் விற்றாலும், விற்பனை தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகத்தைப் பதிந்துவிட வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் 60.

நல்ல படம் எடுக்கும் கைப்பேசி, ஆங்கில விவரிப்பு, அஞ்சல் ஓட்டம் இவையெல்லாம் ஓர் ஆளால் ஆகிற காரியமல்ல. கூடிச் செய்வது நமக்குப் புதிதல்ல. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தாத்தா பாட்டிகள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். சுங்கை காடுட், செனவாங், மம்பாவ் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கடை திறக்க முடியாதா? ஒருவர் படம் எடுக்கட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் பொட்டலம் கட்டட்டும். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் திறக்கும் கடையை யாரும் தேடி வரமாட்டார்கள்.